கோவைகளைக் காணாத விசாரணை: ஒரு மாதிரித் தெரிவுக்குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, பிரதான வீதியை ஒட்டி அருகருகே இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையிலும் ஒரு முஸ்லிம் பாடசாலையிலும் உயர்தரக் கலைப்பிரிவுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள், தங்கள் மாணவர்களை ஒன்றாக அமர்த்தி ஒரு மாதிரித் தெரிவுக்குழுவை நடத்தினார்கள். விடயம், யுத்தத்துக்குச் செல்வது என ஓர் அரசாங்கம் எடுத்த முடிவைப் பாராளுமன்றம் எவ்வாறு விசாரிக்கிறது என்பது. நான் அந்த அமர்வுகளில் அவதானிப்பாளனாக இருந்தேன். மாணவர்களுக்கான ஆவணக் கோவைகளைத் தயாரிப்பதிலும் ஓரளவு உதவினேன். பாடசாலைகளின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இங்கே தரவில்லை.

ஆசிரியர்களை இதற்குத் தூண்டியது விடைத்தாள்களே. “பாராளுமன்றம் நிறைவேற்றுத்துறையைக் கட்டுப்படுத்தும் வழிகள்” என்ற வினாவுக்கு வினா நேரம், ஒத்திவைப்புப் பிரேரணை, நம்பிக்கையில்லாப் பிரேரணை, குழுக்கள், நிதிக் கட்டுப்பாடு என்று ஐந்து தலைப்புகளையும் பிசகாமல் எழுதும் பிள்ளைகளிடம், ஒரு குழு அமைச்சர் ஒருவரை அழைத்து எதைக் கேட்கும், அவர் சொல்ல மறுத்தால் என்ன செய்யும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. புள்ளி மட்டும் வந்துவிடும். இந்த இடைவெளியை ஒரு உண்மையான விசாரணையின் ஆவணங்களைக் கொண்டு நிரப்பலாம் என்பது அவர்கள் எண்ணம்.

எந்த யுத்தத்தை எடுப்பது

இங்கேதான் முதல் முடிவு தேவைப்பட்டது. நம் நாட்டு யுத்தத்தை எடுத்தால், இரு சமூகத்தாரும் கொல்லப்பட்ட 1990 இன் நினைவுகள் இன்னும் ஆறாத இரண்டு ஊர்களின் பிள்ளைகள் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் வீட்டுச் சாவை மற்றவர் எண்ணும் நிலை வரலாம் என்று ஆசிரியை அஞ்சினார். மற்ற ஆசிரியர் அமெரிக்காவின் தொங்கின் வளைகுடாத் தீர்மானத்தை முன்வைத்தார். 1964 ஓகஸ்ட் 7 இல் பிரதிநிதிகள் சபையில் 416 இற்கு 0 என்றும் செனற்றில் 88 இற்கு 2 என்றும் நிறைவேறி, வியட்நாம் யுத்தத்தை விரிவாக்க ஜனாதிபதிக்கு வழிவிட்ட தீர்மானம் அது. ஆனால் அமைச்சர்கள் சபைக்குள் அமராத ஒரு முறைமையைக் கொண்டு, அமைச்சர் சபைக்குப் பொறுப்புக்கூறுவதைக் கற்பிப்பது சிரமம் என்பதால் அதைக் கைவிட்டார்கள்.

இறுதியில் 2003 ஈராக் யுத்தம் தொடர்பான பிரித்தானிய முடிவு தெரிவாயிற்று. காரணம் அதன் பிரபல்யமல்ல. ஒரே முடிவை, வெவ்வேறு அளவு ஆவணங்களைப் பார்க்க அனுமதிக்கப்பட்ட வெவ்வேறு அமைப்புகள் அடுத்தடுத்து விசாரித்திருந்தன: 2003 ஜூலையில் பொதுமக்கள் சபையின் வெளிவிவகாரக் குழு, அதே ஆண்டு செப்டெம்பரில் புலனாய்வு மற்றும் பாதுகாப்புக் குழு, 2004 ஜூலையில் பட்லர் பிரபுவின் மீளாய்வு, 2016 ஜூலை 6 இல் சேர் ஜோன் சில்கொட்டின் விசாரணை அறிக்கை. கண்ணுக்குத் தெரியும் கோவைகள் மாறும்போது முடிவும் எப்படி மாறுகிறது என்பதை இந்த வரிசை ஒன்றே காட்டிவிடும் என்று நினைத்தோம்.

ஈராக் தூரத்து யுத்தம், யாரையும் நோகடிக்காது என்பதும் தெரிவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது நீடிக்கவில்லை. முதல் அறிமுக வகுப்பிலேயே ஒரு மாணவி, தன் உம்மா 2003 மார்ச்சில் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர் என்றும், சைரன் ஒலித்தபோதெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களுக்குப் பிளாஸ்ரர் ஒட்டிய அறைக்குள் ஓடியதை இப்போதும் சொல்வார் என்றும் கூறினாள். தமிழ்ப் பாடசாலை மாணவன் ஒருவனின் பெரியம்மாவும் அதே காலத்தில் அங்கேதான் இருந்திருக்கிறார். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பாத வீடு இப்பகுதியில் குறைவு என்பதை நாங்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்காததும் நல்லதாகவே முடிந்தது. இரு பாடசாலைப் பிள்ளைகளும் முதல் தடவையாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டது அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

ஒழுங்கமைப்பு

மூன்று அமர்வுகள், மூன்று கோவைகள். ஒவ்வொரு கோவையிலும் அந்தந்தக் கட்டத்தில் விசாரித்தவர்களுக்குக் கிடைத்தவை மட்டும், தமிழில் சுருக்கப்பட்டு இருந்தன. கோவையில் இல்லாத எதையும் ஆதாரமாகச் சொல்லக்கூடாது என்பது விதி. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி ஆசனங்கள் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டன. பாடசாலையும் ஊரும் அதில் கலந்துபோயின. தவிசாளர் ஒருவர், குழுவின் செயலாளர் ஒருவர், சாட்சிகளாக அமைச்சர்களும் அதிகாரிகளும். சாட்சிகளுக்கு மட்டும் தனி அட்டைகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் உள்ளதைத் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை, நேராகக் கேட்டால் மறைக்கக்கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட அடிப்படை வரலாறு இதுதான். பிரித்தானியாவில் படையை யுத்தத்துக்கு அனுப்பும் அதிகாரம் முடியின் தனியுரிமையாக இருந்து பிரதமரின் கைக்கு வந்தது. பாராளுமன்ற வாக்கெடுப்பு சட்டத்தால் வேண்டப்படுவதல்ல. 2002 செப்டெம்பர் 24 இல் சபை விசேடமாகக் கூட்டப்பட்ட அதே நாளில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய ஆவணத் தொகுப்பு வெளியாயிற்று. சில ஆயுதங்களை 45 நிமிடங்களுக்குள் பயன்படுத்தத் தயாராக்க முடியும் என்ற கூற்று அதில் இருந்தது. பிரதமர் டொனி பிளேயரின் முன்னுரையிலும் இடம்பெற்றது. 2003 மார்ச் 17 இல் சபை முதல்வர் ரொபின் குக் அமைச்சரவையிலிருந்து விலகினார். மறுநாள் யுத்தத்துக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தம் 217 இற்கு 396 எனத் தோற்க, அரசாங்கத்தின் பிரேரணை 412 இற்கு 149 என நிறைவேறியது. மார்ச் 20 இல் படையெடுப்பு தொடங்கியது.

முதல் அமர்வு

முதல் கோவை, வெளிவிவகாரக் குழு 2003 கோடையில் நின்ற இடத்தில் மாணவர்களை நிறுத்தியது. உண்மையான குழுவுக்குப் புலனாய்வு ஆவணங்களும் புலனாய்வு அதிகாரிகளும் மறுக்கப்பட்டிருந்தன. பிரதமர் அதன்முன் தோன்றவில்லை. இந்த மறுப்பு தன் வேலைக்குத் தடையாக இருந்தது என்று குழுவே தன் அறிக்கையில் முறையிட்டது. ஆகவே எங்கள் குழுவுக்கும் கிடைத்தவை பகிரங்க ஆவணத் தொகுப்பு, சபை உரைகள், ஓர் ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து சொல்லாமல் எடுக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டிருந்த 2003 பெப்ரவரித் தொகுப்பு ஆகியவையே.

அவதானித்தவற்றில் மூன்று விடயங்கள் முக்கியமானவை. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள் கேள்வி கேட்காமல் உரையாற்றினார்கள். நம் சபை ஒளிபரப்பைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் வேறெதை எதிர்பார்ப்பது? அமைச்சராக நடித்த மாணவன் ஒவ்வோர் உரைக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தன் அட்டையைக் கவிழ்த்தே வைத்திருந்தான். அடுத்து, ஆசனம் குலுக்கலில் கிடைத்தது என்பதை எல்லோரும் அறிந்திருந்தும், வாக்கெடுப்பில் ஒருவர்கூடத் தன் வரிசையை மீறவில்லை. உண்மைக் குழுவும் சில விடயங்களில் கட்சி வரிசையில்தான் பிரிந்தது என்றாலும், கொறடா இல்லாத ஒரு வகுப்பறையில், கட்சி உருவாகி ஒரு மணித்தியாலம்கூட ஆகாத நிலையில், இது நடந்ததை ஆசிரியர்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது, ஆவணம் இல்லாத குழு ஆளைப் பிடித்துக்கொண்டது. அதிகாரியாக வந்த மாணவியிடம் ஒருவன், “நீங்க யாரைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க?” என்று மேசையில் தட்டிக் கேட்டான். ஆசிரியை அமர்வை நிறுத்தினார். ஆயுத நிபுணர் டேவிட் கெலி 2003 ஜூலை 15 இல் வெளிவிவகாரக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டு, ஜூலை 18 இல் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டதை அவர் ஏற்ற இறக்கமின்றிச் சொன்னார். பிறகு, சாட்சியின் நோக்கம் பற்றிய கேள்விகளை விலக்கி, அவருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், யாரிடம் சொன்னார் என்பவற்றை மட்டும் கேட்கலாம் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. அந்த விதிக்குப் பின்னரே விசாரணை விசாரணையாயிற்று என்பது என் கணிப்பு.

அமர்வு முடியும் தறுவாயில், ஆளும் கட்சி வரிசையின் கடைசி ஆசனத்தில் இருந்த மாணவி கேட்டாள்: “அந்த 45 நிமிசம் எந்த ஆயுதத்துக்கு?” அமைச்சர் முதல் தடவையாக அட்டையைத் திருப்பினார். போர்க்களத்தில் பயன்படும் குறுந்தூர ஆயுதங்களுக்கு என்று அதில் இருந்தது. நேரம் முடிந்துவிட்டதால் தொடர் கேள்வி கேட்கப்படவில்லை. உண்மையிலும் ஏறத்தாழ இப்படித்தான்: 2003 மார்ச் 18 வாக்கெடுப்பின்போது அந்தக் கூற்று எவ்வகை ஆயுதத்தைக் குறித்தது என்பது தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பிளேயர் 2004 பெப்ரவரியில் சபையில் கூறினார். அதாவது அவரையும் யாரும் உரிய நேரத்தில் கேட்டிருக்கவில்லை.

எங்கள் குழுவின் தீர்மானம் “அமைச்சர்கள் சபையைத் தவறாக வழிநடத்தவில்லை” என்பது. வெளிவிவகாரக் குழுவின் தீர்மானமும் அதுவே. 45 நிமிடக் கூற்றுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்திருக்கத் தேவையில்லை என்பதையும் அது சேர்த்திருந்தது.

ஒரு தந்தையின் ஆட்சேபம்

முதல் அமர்வுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஒரு மாணவனின் தந்தை அதிபரிடம் வந்தார். வாவியில் தொழில் செய்பவர். கோபப்படவில்லை. “சேர், யுத்தக் கதையெல்லாம் பிள்ளையளுக்கு எதுக்கு? படிச்சிக் கம்பஸுக்குப் போனாக் காணும். நாளைக்கு யாராவது வந்து விசாரிச்சா நாங்க யாரிட்டப் போறது?” என்றார். விசாரிப்பது யார் என்று அவரும் சொல்லவில்லை, அதிபரும் கேட்கவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்துவது அதிபருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் ஆசிரியர்களிடம் எழுத்தில் மூன்றைக் கேட்டார்: அமர்வுகளின் நிகழ்ச்சி நிரல், பயன்படும் ஆவணங்களின் பட்டியல், பாடத்திட்டத்தில் இது எந்த அலகின் கீழ் வருகிறது என்பதற்கான குறிப்பு. அதைக் கோவையில் வைத்துக்கொண்டு, தந்தையை அடுத்த அமர்வுக்குப் பார்வையாளராக அழைத்தார். எழுத்தில் கேட்டது சம்பிரதாயம் போலத் தோன்றலாம். ஆனால் யாராவது வந்து கேட்டால் நீட்டுவதற்கு ஒரு தாள் இருப்பது இங்கே எவ்வளவு பெரிய காப்பு என்பது இந்த மாவட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் அமர்வு

இரண்டாம் கோவையில் பட்லர் மீளாய்வு கண்டவை இருந்தன. கூட்டுப் புலனாய்வுக் குழுவின் மதிப்பீடுகளில் இருந்த ஐயங்களும் எச்சரிக்கைகளும் பகிரங்கத் தொகுப்புக்கு வரும்போது உதிர்ந்துபோயிருந்தன என்பது அதன் சாரம். அதனுடன் சட்டமா அதிபர் கோல்ட்ஸ்மித் பிரபுவின் இரண்டு ஆவணங்களைச் சேர்த்திருந்தோம். ஒன்று, 2003 மார்ச் 7 இல் பிரதமருக்கு அனுப்பிய 13 பக்க ஆலோசனை. ஈராக்குக்கு ஆயுதங்களைக் களைய இறுதி வாய்ப்பளித்த ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1441 ஆம் தீர்மானத்தைக் கொண்டு, யுத்தம் சட்டப்படியானதே என நியாயமான ஒரு வாதத்தை முன்வைக்கலாம் என்றாலும், இன்னொரு தீர்மானத்தைப் பெறுவதே மிகப் பாதுகாப்பான சட்ட வழி என்று அது கூறியது. மற்றது, மார்ச் 17 இல் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் கொடுத்த, ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பதில். அதில் ஐயம் ஏதும் தெரிவிக்கப்படவில்லை. நீண்ட ஆலோசனை அமைச்சரவைக்கும் காட்டப்படவில்லை. 2005 ஏப்ரலில்தான் முழுமையாக வெளியாயிற்று.

இரண்டு மாணவர்கள், ஒருவர் இப்பாடசாலை, மற்றவர் அப்பாடசாலை, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து நீண்ட ஆலோசனையில் வரும் ஒவ்வொரு ‘ஆனால்’, ‘எனினும்’, ‘இருந்தபோதும்’ என்பவற்றின் கீழும் சிவப்புப் பேனையால் கோடிட்டு, குறுகிய பதிலில் அதற்கு நிகரான இடத்தைத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. சட்டமா அதிபராக அமர்ந்திருந்த மாணவனிடம் அவர்கள் கேட்ட கேள்வி சுருக்கமானது: பத்து நாட்களுக்குள் உங்கள் கருத்து மாறியதா, அல்லது சொல்ல வேண்டிய அளவு மாறியதா? மாறியது என்றால் எந்தப் புதிய ஆவணத்தைப் பார்த்து? இப்படிப்பட்ட கேள்வியை வாய்வீச்சால் கடக்க முடியாது. சாட்சி திணறினான்.

வாக்கெடுப்பில் இம்முறை வரிசைகள் உடைந்தன. ஆளும் கட்சி ஆசனத்தில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர், சபைக்கு முழு விடயமும் வைக்கப்படவில்லை என்ற தீர்மானத்தை ஆதரித்தார்கள். ஆட்களும் ஆசனங்களும் அதேதான். கையில் இருந்த தாள்கள் மட்டுமே வேறு. கோவையைத் தன் கையில் வைத்திருப்பவர் விசாரணையின் முடிவையும் கையில் வைத்திருக்கிறார் என்று நான் கருதுவதற்கு இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பின்வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தந்தை தேநீர் வேளையில் ஆசிரியையிடம், “எதிர்த்து வாக்குப் போட்ட 149 பேருக்கும் பிறகு என்ன நடந்த?” என்று கேட்டார். பலர் தொடர்ந்து சபையில் இருந்தார்கள், அவர்களில் ஒருவரான ஜெரமி கோர்பின் 2015 இல் தொழிற்கட்சித் தலைவராகி, மறு ஆண்டில் யுத்தத்துக்காகக் கட்சியின் பெயரால் மன்னிப்புக் கேட்டார் என்று அவர் பதிலளித்தார். தந்தை தலையாட்டினார். மட்டக்களப்பைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது இந்நகரத்துத் தேவாலயத்தினுள் சுட்டுக் கொல்லப்பட்டவர். கேட்டவரின் வயதில் இருப்பவர்கள் அக்கேள்வியை வேறெதற்காகவும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் அமர்வும் பலகையில் எழுதிய கேள்வியும்

சில்கொட் அறிக்கையின் முடிவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அமைதி வழிகள் தீர்ந்துபோகுமுன் யுத்தம் தொடங்கப்பட்டது, அந்நேரத்தில் அது கடைசி வழியாக இருக்கவில்லை, அச்சுறுத்தல் பற்றிய மதிப்பீடுகள் நியாயப்படுத்த முடியாத உறுதியோடு முன்வைக்கப்பட்டன. மாணவர்களைக் கவர்ந்தது திகதிகளே. என்ன வந்தாலும் உங்களுடன் இருப்பேன் என்ற பொருள்பட பிளேயர், ஜனாதிபதி புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு 2002 ஜூலை 28 திகதியிடப்பட்டது. சபை முதன்முதலில் கூட்டப்பட்டது செப்டெம்பரில். வாக்கெடுப்பு நடந்தது படை முழுவதும் வளைகுடாவில் நிலைகொண்ட பிறகு. நிராகரித்தால் படையைத் திருப்பியழைக்க வேண்டிய நிலையில் ஒரு சபையை நிறுத்திவிட்டு வாக்குக் கேட்பதைப் பரிசீலனை என்று சொல்லலாமா என்பதில் குழு நீண்ட நேரம் வாதிட்டது.

அந்த வாதத்தின் நடுவே, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து 2007 இல் இடம்பெயர்ந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து, “அப்ப எங்கட யுத்தத்துக்கு யார் கை உயர்த்தின, மிஸ்?” என்று கேட்டாள். இதைத் தவிர்ப்பதற்காகவே ஈராக் தெரிவு செய்யப்பட்டிருந்தது.

ஆசிரியை கேள்வியைப் பலகையில் அப்படியே எழுதினார். விவாதத்துக்கு விடவில்லை; ஒதுக்கவும் இல்லை. சட்டப் பகுதியை மட்டும் விளக்கினார். அரசியலமைப்பின் 33 ஆம் உறுப்புரை யுத்தத்தையும் சமாதானத்தையும் பிரகடனப்படுத்தும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளிக்கிறது. பாராளுமன்றம் வாக்களிப்பது வேறோர் இடத்தில்: 155 ஆம் உறுப்புரைப்படி, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான அவசரகாலப் பிரகடனத்தைச் சபை 14 நாட்களுக்குள் அங்கீகரிக்க வேண்டும், அதன் ஆயுள் ஒரு மாதம், பிறகு மாதந்தோறும் புதிதாக அங்கீகாரம். வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டதையடுத்து 2005 ஓகஸ்டில் வந்த அவசரகால நிலை 2011 ஓகஸ்ட் வரை இவ்வாறே நீடிக்கப்பட்டது. விடுதலைப் புலிகளுடனான 2002 பெப்ரவரி 22 இன் யுத்தநிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதை அமைச்சரவை 2008 ஜனவரி 2 இல் தீர்மானித்து, உடன்படிக்கையில் கூறப்பட்ட 14 நாள் முன்னறிவித்தலைக் கொடுக்க, ஜனவரி 16 இல் அது முடிவுற்றது. அதற்குள் கிழக்கில் சண்டை ஓய்ந்து, அங்கே புலிகளின் கடைசித் தளமாயிருந்த குடும்பிமலை அரச படைகளின் கைக்கு வந்து ஆறு மாதமாகியிருந்தது. ஆகவே கேள்விக்கு நேரான பதில், யுத்தத்துக்கு என்று தனியாக யாரும் கை உயர்த்தவில்லை, மாதந்தோறும் அவசரகாலத்துக்குக் கை உயர்த்தினார்கள் என்பதே.

தொடர்ந்தவை

மாணவர்களில் ஒரு சிறு குழு, அந்த மாதாந்த விவாதங்களின் ஹன்சாட் (பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வ பதிவு) பக்கங்களை வாசிக்கும் பணியைத் தாமாகவே ஏற்றது. ஹன்சாட் ஒவ்வோர் உரையையும் பேசிய மொழியிலேயே அச்சிடுவதால், பெரும்பகுதி அவர்களுக்கு வாசிக்க முடியாததாக இருந்தது. இரண்டாம் மொழி கற்பிக்கும் சிங்கள ஆசிரியர் ஒருவர் பாடசாலை முடிந்த பின் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். அவர்கள் ஒரே ஓர் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள்: இந்தப் பக்கத்தில் பெயர், இடம், திகதி குறித்துக் கேட்கப்பட்ட கேள்வி உண்டா, அதற்கு அதே நாளில் பதில் உண்டா. வாசித்த பக்கங்களில் முதலாவது அடிக்கடி இருந்தது. இரண்டாவது அரிதாகவே இருந்தது.

தந்தையின் ஆட்சேபம் மீண்டும் எழவில்லை. யாரும் விசாரிக்கவும் வரவில்லை. பரீட்சைப் பெறுபேற்றில் இதனால் மாற்றம் ஏற்பட்டதா என்று சொல்ல வழியில்லை. அடுத்து நடந்த தவணைப் பரீட்சையில், குழுக்கள் பற்றிய வினாவுக்கு ஐந்து தலைப்பு எழுதாமல் ஒரே தலைப்பை மூன்று பக்கம் எழுதிய ஒரு மாணவி புள்ளிகளை இழந்தாள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். திருத்தியவர் அதே ஆசிரியை. புள்ளித்திட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்றார்.

மாற்ற வேண்டியவை

ஈராக்கில் ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். அதனால் கோவை எதைச் சொன்னாலும் உள்ளூர ஒரு முடிவோடுதான் அமர்ந்தார்கள். அடுத்த முறை விளைவு அவ்வளவு தெரியாத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். லிபியாவில் நடவடிக்கை தொடங்கி இரண்டு நாட்களின் பின், 2011 மார்ச் 21 இல், 557 இற்கு 13 என்று அங்கீகரித்த அதே பொதுமக்கள் சபை, 2013 ஓகஸ்ட் 29 இல் சிரியா தொடர்பான அரசாங்கப் பிரேரணையை 285 இற்கு 272 என்று தோற்கடித்தது. 2018 ஏப்ரலில் சிரியா மீது தாக்குதல் நடத்தியபோது பிரதமர் தெரேசா மே முன்கூட்டி வாக்கெடுப்பே நடத்தவில்லை. வாக்கெடுப்பு வழமையாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் அது எவ்வளவு மெல்லியது என்பதை இந்த மூன்றும் சேர்ந்து காட்டும்.

குழுவின் செயலாளர் பொறுப்பை யாரும் விரும்பாமல், கடைசியில் பேசக் கூச்சப்படும் மாணவனிடம் தள்ளிவிட்டார்கள். எந்த ஆவணத்தைக் கோர வேண்டும், மறுத்தால் மறுப்பை அறிக்கையில் எப்படிப் பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அதுவே ஆகையால், இனி அதைச் சுழற்சியில் எல்லோரும் செய்ய வேண்டும் என்று உடன்பட்டோம்.

நம் நாட்டு ஆவணங்களைக் கொண்டே ஓர் அமர்வு நடத்துவதா என்பதில் ஆசிரியர்கள் இருவரும் இன்னும் வேறுபடுகிறார்கள். ஆசிரியை, ஹன்சாட் வாசிப்பு ஒரு வருடம் நடக்கட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார். மற்றவர், பிள்ளைகள் தயார், தயங்குவது நாங்கள்தான் என்கிறார். நான் ஆசிரியையின் பக்கம். காரணம் அச்சமல்ல, 2006 இற்கும் 2009 இற்கும் இடைப்பட்ட காலத்துக்கு முதல் கோவையைப் போன்ற பகிரங்க ஆவணங்களைத் தவிர வேறொன்றையும் மாணவர் கையில் கொடுக்க எங்களிடம் இல்லை.